மட்டினியோன் மாளிகையின் கையொப்பம்: பிரெஞ்சுப் பிரதமரின் அதிகாரம் எவ்வளவு தூரம் செல்லும்?

2025 ஒக்டோபர் 5 ஆம் திகதி இரவு பிரான்ஸின் பிரதமர் செபஸ்தியான் லெகோர்னுவின் அமைச்சர் பட்டியல் வெளியானது. விடிந்ததும் அவர் தன் இராஜினாமாவை ஜனாதிபதியிடம் கையளித்தார். அடுத்த நான்கு நாட்களுக்குள் அதே ஜனாதிபதி அதே மனிதரை அதே பதவிக்கு மீண்டும் நியமித்தார். அதற்கு ஒரு மாதம் முன்னர் பிரான்சுவா பய்ரூ நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்று வெளியேறியிருந்தார். அதற்கும் ஒன்பது மாதங்களுக்கு முன்னர் மிஷெல் பார்னியே நம்பிக்கையில்லாப் பிரேரணையில் வீழ்ந்திருந்தார்.

இதைத் தமிழில் எழுதிய பல ஊடகங்கள் "பிரான்ஸ் அரசாங்கம் கவிழ்ந்தது" என்று தலைப்பிட்டன. லாச்சப்பலில் கடை வைத்திருப்பவரிடம் கேட்டால், "யார் வந்தாலென்ன, மக்ரோன்தானே ஆளுறார்" என்று சொல்லக்கூடும். இரண்டுமே பாதி உண்மைதான். பிரெஞ்சுப் பிரதமர் பதவியைப் பிரித்தானியக் கண்ணாடியால் பார்த்தாலும் விளங்காது, அமெரிக்கக் கண்ணாடியால் பார்த்தாலும் விளங்காது. எங்களுக்கு அந்தப் பதவியை விளங்கிக்கொள்வதில் தனியான ஒரு தேவையும் இருக்கிறது. இலங்கையின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பு பிரான்ஸைப் பார்த்து எழுதப்பட்டது என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. அங்கிருந்து எதை எடுத்தார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்பதன் விலையை 2003 நவம்பரில் நாங்கள் கொடுத்திருக்கிறோம்.

எழுத்தில் உள்ள அதிகாரம்

1946 முதல் 1958 வரை நீடித்த நான்காவது குடியரசில் 12 ஆண்டுகளுக்குள் 20 க்கும் மேற்பட்ட அரசாங்கங்கள் வந்து போயின. அப்போது அரசாங்கத் தலைவருக்குப் பிரதமர் என்ற பெயர்கூட இல்லை. அமைச்சர் சபையின் தலைவர் என்றே அழைக்கப்பட்டார். அல்ஜீரியப் போர் அந்த அமைப்பை உடைத்தது. 1958 மே மாதம் அல்ஜியர்ஸில் வெடித்த கிளர்ச்சிக்குப் பின்னர் ஜெனரல் சார்ள் டு கோல் யூன் 1 இல் அரசாங்கத்தைப் பொறுப்பேற்றார். நான்கு மாதங்களில் புதிய அரசியலமைப்பு தயாரானது. அதை வரைந்த மிஷெல் டெப்ரே, 1959 சனவரியில் ஐந்தாவது குடியரசின் முதல் பிரதமரானார்.

டெப்ரே எழுதியதை அப்படியே வாசித்தால் பிரதமர்தான் நாட்டை ஆள்கிறவர் என்று தோன்றும். தேசத்தின் கொள்கையைத் தீர்மானிப்பதும் நடத்துவதும் அரசாங்கமே, நிர்வாகமும் ஆயுதப் படையும் அதன் கையில் இருக்கும் என்கிறது 20 ஆவது உறுப்புரை. அந்த அரசாங்கத்தின் செயலை வழிநடத்துபவர் பிரதமர், தேசியப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரும் அவரே என்கிறது 21 ஆவது. ஜனாதிபதியோ 5 ஆவது உறுப்புரையின்படி அரசியலமைப்பு மதிக்கப்படுவதைக் கவனிக்கும் நடுவர். ஆனால் 15 ஆவது உறுப்புரை அதே ஜனாதிபதியைப் படைகளின் தலைவர் ஆக்குகிறது. படை யாருடையது என்பதற்கு ஒரே நூலில் மூன்று விடை இருப்பது தற்செயலல்ல.

எங்கள் வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டியது 8 ஆவது உறுப்புரை. பிரதமரை ஜனாதிபதி நியமிக்கிறார். இதற்கு நாடாளுமன்ற வாக்கெடுப்புத் தேவையில்லை. ஆனால் பிரதமரைப் பதவி நீக்க ஜனாதிபதிக்கு எழுத்தில் அதிகாரம் இல்லை. பிரதமர் தன் அரசாங்கத்தின் இராஜினாமாவைக் கையளித்தால் மட்டுமே ஜனாதிபதி அவரது பணியை முடித்துவைக்கலாம். ஏனைய அமைச்சர்களை நியமிப்பதும் விலக்குவதும் பிரதமரின் முன்மொழிவின் பேரில்தான். ஜனாதிபதியின் பெரும்பாலான ஆணைகளில் பிரதமரின் கையொப்பமும் இருக்க வேண்டும். அது இல்லாமல் அவர் செய்யக்கூடியவை சில. பிரதமரை நியமிப்பது, பேரவையைக் கலைப்பது, அவசரகால அதிகாரத்தைக் கையிலெடுப்பது என்பன அவற்றுள் முக்கியமானவை.

பிரதமர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உறுப்பினர் ஒருவர் அமைச்சரானால் அவர் தன் ஆசனத்தைத் துறக்க வேண்டும். 1962 இல் பிரதமரான ஜோர்ஜ் பொம்பிடு அதற்கு முன்னர் நாடாளுமன்றத்தில் அமர்ந்ததே இல்லை. பொருளியல் பேராசிரியரான ரேமோன் பார் 1976 இலும், இராஜதந்திரியான டொமினிக் டு வில்பான் 2005 இலும் அப்படியே வந்தார்கள்.

நடைமுறையில் உள்ள அதிகாரம்

எழுத்து இப்படி இருக்க, நடப்பு வேறு. ஜனாதிபதியின் கட்சியே தேசியப் பேரவையிலும் பெரும்பான்மை வைத்திருக்கும் காலத்தில் பிரதமர் ஜனாதிபதியின் ஊழியர் போலவே ஆகிவிடுகிறார். 1972 மே மாதம் பிரதமர் ஜாக் ஷபான்-டெல்மாஸ் பேரவையில் நம்பிக்கை வாக்குக் கேட்டார். 368 பேர் ஆதரித்தனர், 96 பேர் மட்டுமே எதிர்த்தனர். ஆறு வாரங்களில், யூலை 5 இல், ஜனாதிபதி பொம்பிடு கேட்டுக்கொண்டதால் அவர் பதவியை விட்டுப் போனார். நாடாளுமன்றம் அவரோடு நின்றது, ஆனாலும் அவர் போனார். 8 ஆவது உறுப்புரையில் இல்லாத பதவிநீக்கம் இப்படித்தான் நடக்கிறது: கேட்டால் கொடுத்துவிடுவது என்பது எழுதப்படாத வழக்கம். 1991 மே மாதம் மிஷெல் ரொக்கார் போனதும் அப்படித்தான். மித்தரோன் கேட்டார், அவர் கொடுத்தார்.

எதிர்த்திசையிலும் ஒரு தடவை நடந்தது. 1976 ஓகஸ்டில் பிரதமர் ஜாக் சிராக், வேலையைச் செய்யத் தேவையான வழிவகைகளை ஜனாதிபதி ஜிஸ்கார் டெஸ்தாங் தரவில்லை என்று பகிரங்கமாகச் சொல்லித் தானாகவே விலகினார்.

ஆனாலும் பிரதமரின் அன்றாட வேலையைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. பாரிஸின் வரேன் வீதியில் உள்ள மட்டினியோன் மாளிகை அவரது அலுவலகமும் வதிவிடமும். அமைச்சுகளுக்கிடையே வரும் இழுபறிகள் அங்கேதான் தீர்க்கப்படுகின்றன. நிதியமைச்சு ஒன்றைச் சொல்லும், உள்துறை அமைச்சு இன்னொன்றைச் சொல்லும். இரு பக்கத்து அதிகாரிகளையும் அழைத்துப் பிரதமரின் ஆலோசகர் ஒருவர் முடிவைச் சொல்வார். அந்த முடிவு நீலத்தாளில் பதிவாகும். அதனால் அதற்கு "நீலம்" என்றே பெயர். நீலம் வந்துவிட்டால் அமைச்சுகள் அதற்குக் கட்டுப்பட வேண்டும். புதன்கிழமைகளில் எலிசே மாளிகையில் ஜனாதிபதி தலைமையில் கூடும் அமைச்சரவை பெரும்பாலும் இப்படி முன்கூட்டியே முடிந்த விடயங்களுக்குத்தான் முத்திரை குத்துகிறது.

நாடாளுமன்றத்தைக் கையாளவும் பிரதமரிடம் கனமான ஆயுதங்கள் இருக்கின்றன. பெயர்பெற்றது 49 ஆவது உறுப்புரையின் மூன்றாம் பந்தி. பிரான்ஸில் சின்னப் பிள்ளைகூட "49.3" என்றால் விளங்கிக்கொள்ளும். ஒரு சட்டமூலத்துக்காகப் பிரதமர் தன் அரசாங்கத்தையே பணயம் வைக்கிறார். 24 மணித்தியாலங்களுக்குள் நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்து, அது நிறைவேறினால் அரசாங்கமும் சட்டமூலமும் சேர்ந்து போகும். இல்லாவிட்டால், வாக்கெடுப்பே இல்லாமல் சட்டமூலம் பேரவையில் நிறைவேறியதாகக் கொள்ளப்படும். பிரேரணைக்கு ஆதரவான வாக்குகள் மட்டுமே எண்ணப்படும். வராமல் இருந்தவரும் வாக்களிக்காதவரும் அரசாங்கத்தின் பக்கம் நின்றவராகவே கணிக்கப்படுவார். 577 ஆசனங்களும் நிரம்பியிருந்தால் 289 வாக்குத் தேவை. சிறுபான்மை அரசாங்கத்தோடு மூன்றாண்டு ஓட்டிய ரொக்கார் இதை 28 தடவை பயன்படுத்தினார். 2008 திருத்தம் இதை வரவு செலவுத் திட்டங்களுக்கும், அவற்றுக்கு அப்பால் ஒரு கூட்டத்தொடருக்கு ஒரேயொரு சட்டமூலத்துக்கும் என மட்டுப்படுத்தியது. அப்படியிருந்தும் எலிசபெத் போர்ன் 23 தடவை பயன்படுத்தினார். ஓய்வுபெறும் வயதை 62 இலிருந்து 64 ஆக உயர்த்திய சட்டத்தை 2023 மார்ச்சில் அவர் நிறைவேற்றியது இதனால்தான். அப்போது வந்த பிரேரணை 9 வாக்குகளால் தோற்றது.

இவ்வளவு காவல் இருந்தும் பிரேரணைகள் வென்றவை இரண்டே. 1962 ஒக்டோபரில் பொம்பிடுவின் அரசாங்கம் வீழ்த்தப்பட்டது. டு கோல் பேரவையைக் கலைத்து, தேர்தலில் வென்று, அதே பொம்பிடுவைப் பதவியில் வைத்துக்கொண்டார். மற்றது 2024 டிசம்பர் 4, பார்னியேயுக்கு எதிராக 331 வாக்குகள். பய்ரூ வீழ்ந்தது பிரேரணையால் அல்ல. அவரே நம்பிக்கை வாக்குக் கேட்டு, 2025 செப்டெம்பர் 8 இல் 194 க்கு 364 என்று தோற்றார். கேட்காமல் இருந்திருந்தால் இன்னும் சில வாரங்கள் இருந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம்

ஜனாதிபதி ஒரு கட்சி, பேரவையின் பெரும்பான்மை எதிர்க்கட்சி என்று ஆனால் என்ன நடக்கும்? அப்போதுதான் டெப்ரே எழுதிய 20 ஆவது உறுப்புரை உயிர்பெறுகிறது. இப்படி மூன்று தடவை நடந்திருக்கிறது. சோசலிச ஜனாதிபதி மித்தரோனோடு வலதுசாரிப் பிரதமர் சிராக் (1986-88), அதே மித்தரோனோடு எதுவார் பலாடூர் (1993-95), பின்னர் வலதுசாரி ஜனாதிபதி சிராக்கோடு சோசலிசப் பிரதமர் லியோனல் ஜொஸ்பான் (1997-2002).

1986 இல் முதல் சோதனை. வெளிவிவகாரத்துக்கும் பாதுகாப்புக்கும் சிராக் நினைத்திருந்த பெயர்களை மித்தரோன் மறுத்தார். இருவருக்கும் ஏற்புடைய வேறு பெயர்கள் வந்தன. யூலை 14 அன்று, தேசிய தினத்தில், அரச நிறுவனங்களைத் தனியார்மயமாக்கும் ஆணைகளில் கையொப்பமிட மாட்டேன் என்று மித்தரோன் தொலைக்காட்சியில் அறிவித்தார். சிராக் அதே விடயத்தைச் சட்டமூலமாக மாற்றிப் பேரவையில் நிறைவேற்றினார். ஜனாதிபதியால் தாமதப்படுத்த முடிந்தது, தடுக்க முடியவில்லை. ஜொஸ்பானின் ஐந்தாண்டில் வாரத்துக்கு 35 மணித்தியால வேலைச் சட்டம் வந்தது. அது சிராக்குக்குப் பிடித்த சட்டமல்ல, ஆனாலும் வந்தது. வெளிவிவகாரத்தில்தான் உரசல். சர்வதேச உச்சி மாநாடுகளுக்கு இருவரும் ஒன்றாகப் போய், வெளியில் ஒரே குரலில் பேச முயன்றார்கள்.

இந்த மூன்று காலத்திலும் ஒன்று நடக்கவில்லை. பிரதமரின் கையிலிருந்த ஓர் அமைச்சை ஜனாதிபதி பறித்தெடுக்கவில்லை. எடுக்க முடியாது. அமைச்சரை நீக்கப் பிரதமரின் முன்மொழிவு வேண்டும், அமைச்சை ஜனாதிபதி தானே வைத்துக்கொள்ள வழியே கிடையாது.

2000 இல் சர்வசன வாக்கெடுப்பின் மூலம் ஜனாதிபதியின் பதவிக்காலம் 7 ஆண்டிலிருந்து 5 ஆக்கப்பட்டது. ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு பேரவைத் தேர்தல் வரும்படி காலமும் ஒழுங்குசெய்யப்பட்டது. இரட்டைக் குடித்தனம் இனி வராது என்று நினைத்தார்கள். 2024 யூன் 9 இல் மக்ரோன் பேரவையைக் கலைத்த பின்னர் வந்தது அதைவிடச் சிக்கலானது: எவருக்கும் பெரும்பான்மை இல்லாத மூன்று அணிகள்.

உவேயாவின் குகையும் ரொக்காரின் மேசையும்

பிரதமர் பதவியின் உண்மையான எடையைக் காட்ட எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் பாரிஸில் நடந்ததல்ல. பசிபிக் சமுத்திரத்தில், பிரான்ஸிலிருந்து 16,000 கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ள நியூ கலிடோனியாவில் நடந்தது. 1853 இல் பிரான்ஸ் கைப்பற்றிய தீவு அது. அங்குள்ள பூர்வீக கனக் மக்கள் தங்கள் சொந்த மண்ணிலேயே சிறுபான்மையாக்கப்பட்டார்கள். 1980 களில் சுதந்திரக் கோரிக்கை ஆயுத மோதலாக மாறியது.

1988 ஏப்ரல் 22 இல் உவேயா தீவில் கனக் போராளிகள் பொலிஸ் நிலையமொன்றைத் தாக்கினர். நான்கு ஜொந்தார்ம் படையினர் கொல்லப்பட்டனர், 27 பேர் பணயக் கைதிகளாகப் பிடிக்கப்பட்டனர். அது ஜனாதிபதித் தேர்தலின் முதற்சுற்றுக்கு இரண்டு நாட்களுக்கு முன்னர். போட்டியில் இருந்தவர்களோ ஜனாதிபதி மித்தரோனும் பிரதமர் சிராக்கும். மே 5 இல், இரண்டாம் சுற்றுக்கு மூன்று நாள் இருக்கும்போது, கைதிகள் வைக்கப்பட்டிருந்த குகை மீது படையினர் தாக்குதல் நடத்தினர். 19 கனக் போராளிகளும் இரண்டு படையினரும் உயிரிழந்தனர். சரணடைந்த சிலர் பின்னர் கொல்லப்பட்டார்கள் என்ற குற்றச்சாட்டு இன்றுவரை அங்கே பேசப்படுகிறது. தாக்குதலுக்கு இருவருமே சம்மதித்திருந்தனர். வாக்குக்காகப் போட்டியிட்ட இருவருக்கு நடுவில் அந்தக் குகை இருந்தது.

மித்தரோன் வென்றார். மே 10 இல் ரொக்கார் பிரதமரானார். அவர் படையை அனுப்பவில்லை. மூத்த அரச அதிகாரி கிறிஸ்தியான் பிளாங் தலைமையில் ஒரு பேச்சுக் குழுவை அனுப்பினார். அதில் ஒரு கத்தோலிக்க மதகுருவும் ஒரு புரட்டஸ்தாந்து போதகரும் இருந்தார்கள். அவர்கள் முதலில் செய்தது இறந்தவர்களின் வீடுகளுக்குப் போய்க் கேட்பது. பின்னர் சுதந்திரத்தை வேண்டிய ஜோன்-மரி ஜிபாவுவையும் பிரான்ஸோடு இருக்க வேண்டும் என்ற ஜாக் லாஃப்லரையும் மட்டினியோனுக்கு அழைத்து ஒரே மேசையில் இருத்தினார்கள். யூன் 26 அதிகாலையில் உடன்பாடு வந்தது. குகைச் சம்பவம் நடந்து எட்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. தீவு மூன்று மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டு, அவற்றில் இரண்டின் ஆட்சி கனக் மக்களின் கைக்குப் போகும் நிலை உருவானது. பத்து ஆண்டில் சுய நிர்ணய வாக்கெடுப்பு என்றும் தீர்மானமானது.

ரொக்கார் தன் கையொப்பத்தோடு நிறுத்தவில்லை. நவம்பரில் உடன்பாட்டை முழு பிரான்ஸின் சர்வசன வாக்கெடுப்புக்கு விட ஜனாதிபதி சம்மதித்தார். வாக்களித்தவர்கள் 37 வீதம் மட்டுமே. அவர்களில் 80 வீதமானோர் ஆம் என்றனர். அக்கறையில்லாத வாக்கெடுப்பு என்று அப்போது கேலி செய்தார்கள். ஆனால் மக்கள் வாக்கால் வந்த சட்டத்தில் அடுத்த அரசாங்கம் கைவைக்கத் தயங்கும் என்பது ரொக்காரின் கணக்கு. அது சரியாகவே இருந்தது. 1989 மே மாதம் உவேயாவில், இறந்தவர்களின் நினைவு நிகழ்வில், உடன்பாட்டை ஏற்காத ஒரு கனக் போராளியால் ஜிபாவு சுட்டுக் கொல்லப்பட்டார். உடன்பாடு நின்றது.

பத்தாண்டு முடியும்போது பிரான்ஸில் இரட்டைக் குடித்தனம். 1998 மே 5 இல், குகைத் தாக்குதல் நடந்த அதே திகதியில், பிரதமர் ஜொஸ்பான் நூமேயாவில் இரண்டாவது உடன்பாட்டில் கைச்சாத்திட்டார். காலனியாதிக்கம் கனக் மக்களின் கண்ணியத்துக்கு இழைத்த தீங்கை அதன் முகவுரை ஒப்புக்கொண்டது. மாற்றப்பட்ட அதிகாரங்கள் மீளப் பெறப்பட மாட்டா என்றது. அந்த நேரம் ஜனாதிபதியாக இருந்தவர் யார்? 1988 இல் பிரதமராக இருந்து குகைத் தாக்குதலுக்குச் சம்மதித்த அதே சிராக். ஜொஸ்பானின் அரசியல் எதிரி. ஆனாலும் யூலை 6 இல் இரு அவைகளும் வெர்சாய் மாளிகையில் ஒன்றாகக் கூடி, உடன்பாட்டை அரசியலமைப்புக்குள் ஒரு தனி அத்தியாயமாகவே சேர்த்தன. அந்தக் கூட்டத்தைக் கூட்டுவது ஜனாதிபதியின் ஆணை. சிராக் கூட்டினார். இரு வீட்டுக்காரரும் ஒரே ஆவணத்தில் கட்டுப்பட்டார்கள்.

கொழும்பு எடுத்ததும் விட்டதும்

இப்போது எங்கள் கதைக்கு வரலாம். பேராசிரியர் ஏ. ஜே. வில்சன், தந்தை செல்வாவின் மருமகன், 1978 அரசியலமைப்பைப் பற்றி 1980 இல் ஒரு நூலை வெளியிட்டார். ஆசியாவில் டு கோலின் முறைமை என்பதே அதன் தலைப்பின் பொருள். நேரடியாகத் தெரிவாகும் பலமான ஜனாதிபதி, கூடவே ஒரு பிரதமர் என்ற வெளித்தோற்றத்தில் ஒப்புமை சரிதான். உள்ளே பார்த்தால் பிரான்ஸின் 20 ஆவது உறுப்புரைக்கும் 21 ஆவதுக்கும் ஒத்த எதுவும் ஜே. ஆரின் அரசியலமைப்பில் இல்லை. ஜனாதிபதி அமைச்சரவையின் உறுப்பினரும் தலைவரும் ஆவார். எந்த அமைச்சையும் தனக்கே ஒதுக்கிக்கொள்ளலாம். பிரதமரை எழுத்துமூலம் நீக்கவும் அதில் அவருக்கு இடமிருந்தது. பிரெஞ்சுப் பிரதமர் ஜனாதிபதி பலமாக இருக்கும்போது சுருங்கி, எதிர்க்கட்சி வென்றால் விரியும் பதவி. இலங்கைப் பிரதமருக்கு விரிவதற்கு இடமே வைக்கப்படவில்லை.

2001 டிசம்பரில் கொழும்பிலும் இரட்டைக் குடித்தனம் வந்தது. சந்திரிகா ஜனாதிபதி, ரணில் பிரதமர். 2002 பெப்ரவரியில் தொடங்கிய போர்நிறுத்த உடன்படிக்கையில் அரசின் சார்பில் இருந்தது பிரதமரின் கையொப்பம். ஏ9 வீதி திறந்ததும், வருடக்கணக்காகக் காணாத உறவுகளைப் போய்ப் பார்த்ததும் எங்களில் பலருக்கு இன்னும் நேற்றுப்போல இருக்கும். தன்னோடு முறையாகக் கலந்தாலோசிக்காமல் கைச்சாத்தானது என்று ஜனாதிபதி ஆரம்பத்திலேயே குறைசொன்னார். அந்த உடன்படிக்கை நாடாளுமன்றத்தின் சட்டமாகவும் ஆகவில்லை, அரசியலமைப்புக்குள்ளும் போகவில்லை, மக்கள் வாக்குக்கும் விடப்படவில்லை. இடைக்காலத் தன்னாட்சி அதிகார சபை பற்றிய புலிகளின் முன்மொழிவு வெளியாகி ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், 2003 நவம்பர் 4 இல், ரணில் வாஷிங்டனில் இருந்த வேளை, ஜனாதிபதி பாதுகாப்பு, உள்துறை, ஊடக அமைச்சுகளைத் தன் கைக்குள் எடுத்தார். 2004 பெப்ரவரியில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. காகிதத்தில் உடன்படிக்கை 2008 சனவரி வரை இருந்தது.

அந்தச் சமாதானம் குலைந்ததற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல வரவில்லை. காரணங்கள் பல, எல்லாப் பக்கத்திலும் இருந்தன. ஆனால் பாதுகாப்பு அமைச்சைத் தன் கையில் வைத்திருக்கவே முடியாத ஒருவரின் கையொப்பத்தின் மேல் ஒரு மக்கள் கூட்டத்தின் உயிர் நம்பிக்கையாக நின்றது என்பதைப் பிரெஞ்சு அரசியலமைப்பை வாசிக்கும்போது கவனிக்காமல் இருக்க முடியவில்லை. 2018 ஒக்டோபர் 26 இல் ஜனாதிபதி சிறிசேன ரணிலை நீக்கி மகிந்தவை நியமித்தபோதும் இதே கேள்விதான் வேறு உருவில் வந்தது. 19 ஆவது திருத்தம் ஜனாதிபதியின் கையைக் கட்டியிருந்ததால் அந்தத் தடவை நாடாளுமன்றக் கலைப்பு உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

புலம்பெயர்ந்தவருக்கு இது ஏன் முக்கியம்

பிரான்ஸில் வதிவிட அட்டைக்காகக் காத்திருக்கும் ஒருவருக்குப் பிரதமர் மாற்றம் வெறும் தொலைக்காட்சிச் செய்தி அல்ல. உள்துறை அமைச்சர் யார் என்பது பிரதமரின் முன்மொழிவில் இருக்கிறது. பிரிபெக்சர்களுக்கு அறிவுறுத்தல் அனுப்புகிறவர் அந்த அமைச்சரே. 2012 நவம்பரில் அப்போதைய உள்துறை அமைச்சர் மனுவல் வால்ஸ் விடுத்த சுற்றறிக்கையின்படி, ஆவணமில்லாதவர்கள் பொதுவாக ஐந்தாண்டு வதிவைக் காட்டி அட்டைக்கு விண்ணப்பிக்க முடிந்தது. 2025 சனவரியில், பய்ரூவின் அரசாங்கத்தில், உள்துறை அமைச்சர் புருனோ ரெத்தையோ அதை நீக்கி வேறொன்றை அனுப்பினார். ஐந்து ஏழானது. நாடாளுமன்றத்தில் ஒரு வாக்குக்கூடத் தேவைப்படவில்லை.

சட்டமாகப் போனால் வேகம் குறைவு. 2023 டிசம்பரின் குடிவரவுச் சட்டத்தைப் பேரவை முதலில் விவாதிக்காமலே திருப்பியனுப்பியது. பிரதமர் போர்ன் வலதுசாரிகளோடு பேரம்பேசி, மேலும் கடுமையாக்கி டிசம்பர் 19 இல் நிறைவேற்றினார். அடுத்த மாதம் அரசியலமைப்புச் சபை அதன் 30 க்கும் மேற்பட்ட உறுப்புரைகளை முழுதாகவோ பகுதியாகவோ வெட்டியது. அதற்குள் போர்ன் பதவியில் இல்லை.

கோப்பு கைமாறிய பின்

நியூ கலிடோனியாவின் கதை அங்கே முடியவில்லை. ரொக்காரிலிருந்து எதுவார் பிலிப் வரை அந்தக் கோப்பைப் பிரதமர்களே நேரடியாகக் கையாளும் வழக்கம் இருந்தது. எந்த அமைச்சுக்கும் சாராத மேசை என்பதால் இரு தரப்பும் அதை நம்பின. 2018 இலும் 2020 இலும் நடந்த சுதந்திர வாக்கெடுப்புகளில் "வேண்டாம்" முறையே 56.7 வீதமும் 53.3 வீதமும் பெற்றது. 2020 யூலைக்குப் பின்னர் புதிய பிரதமர் ஜோன் காஸ்தெக்ஸ் கோப்பைக் கடல்கடந்த பிரதேசங்களுக்கான அமைச்சரிடம் விட்டார். அந்த அமைச்சர், பின்னாளில் பிரதமரான லெகோர்னு. கொரோனாவால் துக்கத்தில் இருந்த கனக் மக்கள் தள்ளிவைக்கக் கேட்டும், மூன்றாவது வாக்கெடுப்பு 2021 டிசம்பர் 12 இல் நடத்தப்பட்டது. சுதந்திர அணி புறக்கணித்தது. 44 வீதமானோர் மட்டும் வாக்களித்து, 96.5 வீதம் "வேண்டாம்" என்று வந்தது. பாரிஸ் அதை முடிவான தீர்ப்பு என்றது, கனக் தலைவர்கள் ஏற்கவில்லை.

2024 மே மாதம், பின்னாளில் குடியேறியவர்களுக்கும் மாகாணத் தேர்தலில் வாக்குரிமையை விரிக்கும் அரசியலமைப்புத் திருத்தத்தைப் பேரவை ஏற்றபோது நூமேயா எரிந்தது. உயிர்கள் போயின, அவசரகாலநிலை பிறப்பிக்கப்பட்டது. நடைமுறைக்கு வர, அந்தத் திருத்தத்தை மக்ரோன் வெர்சாயில் கூடும் இரு அவைகளின் முன் வைக்க வேண்டியிருந்தது. அவர் கூட்டவில்லை, யூனில் இடைநிறுத்தினார். ஒக்டோபர் 1 இல் புதிய பிரதமர் பார்னியே தன் கொள்கை உரையில், அது வெர்சாயுக்குச் சமர்ப்பிக்கப்படாது, மாகாணத் தேர்தலும் பிற்போடப்படும் என்று அறிவித்தார். அதற்குப் பிறகு அவருடைய அரசாங்கம் நீடித்தது 64 நாட்கள். அவருக்குப் பின் வந்த இரு பிரதமர்களும் அந்தத் திருத்தத்தைத் திரும்பக் கொண்டுவரவில்லை.